கிடர்பூரில் உடைத்த பூசணிக்காய்

முதல் கல் புரொஜெக்டரில் விழுந்தது. இரண்டாவது திரையைக் கிழித்தது. மூன்றாவது சிவராமகிருஷ்ணன் சாரின் நெற்றியில் பட்டது. எறிந்தவன் கைக்கு வந்தபடி வீசினான், குறியெல்லாம் பார்க்கவில்லை என்று எங்கள் ஆபீஸில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். நான் பக்கத்தில் நின்றவள், ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் படத்தைக் குறிவைத்தான், அப்புறம் திரையை, அப்புறம்தான் ஆளை.

சார் திரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்ததால் குடோனின் அந்தக் கோடியில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. நெற்றியைத் தொட்டு, விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அம்மிணி, எந்த ஸ்லைடுல கோவிச்சுக்கிட்டாங்க?"

எனக்கே அவரை இரண்டு சாத்து சாத்தலாம் போல இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் நாற்காலிகள் பறக்க ஆரம்பித்துவிட்டன.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்க்காரர், ஐம்பது தாண்டியவர். துறைமுகங்களுக்கும் கிடங்குகளுக்கும் சரக்கு தூக்கும் வண்டிகள் விற்பது எங்கள் கம்பெனியின் தொழில். அந்த வண்டியை யாரிடமானாலும் எடுத்துச் சொல்லி வாங்க வைப்பது அவர் தொழில். ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்ப் பேசுவார். ஒசாகாவில் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்கி, படித்துப் பார்த்து, மேஜைமேல் மரியாதையாக வைப்பார். அங்கே யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் யோசிக்கிறார்கள் என்று அர்த்தம், நடுவில் புகுந்து கெடுக்கக் கூடாது என்பார். ஹாம்பர்க்கில் ஜோக் அடிக்க மாட்டார், புள்ளிவிவரத்தில் தொடங்குவார். துபாயில் டீ முடிந்து, குடும்பம் குழந்தை குட்டி எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பார். கேட்கிறவனைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் எங்களுக்கெல்லாம் ஓதிய மந்திரம். குளியலறைக் கண்ணாடி முன்னால்கூட ஒத்திகை பார்ப்பார் என்று அவர் மனைவி பட்டு மாமி தலையில் அடித்துக்கொள்வார். மனிதர் முட்டாள் இல்லை. எனக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

கல்கத்தாவுக்கு மாற்றலாகி, பாலிகஞ்சில் ஃப்ளாட் எடுத்துக் குடியேறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் காளிகாட்டில் பிறந்தவள், வித்யாலக்ஷ்மி. கொள்ளுத்தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம். தமிழைவிட எனக்கு வங்காளம் சுலபமாக வரும். அதனால் அவர் பேச்சை மொழிபெயர்க்க என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில், பேல் என்கிற பெரிய சணல் கட்டுகளை அடுக்கி வைக்கும் ஒரு பெரிய குடோன். முதலாளிக்கு எங்கள் ஃபோர்க்லிஃப்ட் பிடித்துவிட்டது. ஆனால் சுமை தூக்குகிறவர்கள் தலையாட்டாமல் அவர் வாங்கமாட்டார். வங்காளிகளும் பீகாரிகளுமாக நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். வண்டி வந்தால் நம் வயிற்றில் அடிப்பார்கள் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் சார் பேச வந்தார். தேதியையும் அவரே தேர்ந்தெடுத்தார். விஸ்வகர்மா பூஜை.

"நம்ம ஆயுத பூஜை மாதிரிதானுங்களே! அவங்க பண்டிகை அன்னிக்கே வண்டியை ஓட்டிக் காமிச்சா மனசு குளுந்துபோகும்" என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். லாபத்தைத் தவிர வேறு பூஜை அறியாத அந்த மனிதரும் சரி என்றிருக்கிறார்.

இந்த 'மாதிரிதானுங்களே'தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஜப்பானியனைப் பற்றி நாலு பேரைக் கேட்டவர், கிடர்பூர்க்காரனைப் பற்றி ஒருத்தரையும் கேட்கவில்லை. நம் நாடுதானே, நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு. கோயம்புத்தூரில் ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு கிளப்புவார்கள். இங்கே விஸ்வகர்மா பூஜையன்று யந்திரத்துக்கு ஓய்வு. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருக மாட்டார்கள். பூஜை, கிச்சுடி என்கிற பருப்புச் சாதம், ஆட்டுக்கறி, மாடியில் பட்டம், அவ்வளவுதான்.

நான் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போய், அன்று காலை விமானம் இறங்கி நேராகக் குடோனுக்கு வந்தேன். சாரின் கார் பின்சீட்டில் ஒரு பெரிய சாம்பல் பூசணி உட்கார்ந்திருந்தது. லேக் மார்க்கெட்டில் வாங்கியிருக்கிறார், இன்று பட்டு மாமி வீட்டில் மோர்க்குழம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சாமி கும்பிட்டாயிற்று. யானைமேல் விஸ்வகர்மா, பக்கத்தில் மாலையும் சிந்தூரப் பொட்டுமாக எங்கள் வண்டி. அவர்களே வைத்த பொட்டுதான். அதைப் பார்த்ததும் சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஆபீஸ்காரர்கள் நாற்காலியிலும் மற்ற எல்லோரும் தரையிலும் உட்கார்ந்தார்கள். மனப்பாடம் செய்த வங்காளத்தில் வணக்கம் சொன்னார், கைதட்டினார்கள். அடுத்து பூசணிக்காயை எடுத்தார். துளை போட்டு உள்ளே குங்குமம் கொட்டி வைத்திருந்தது. மேலே கற்பூரத்தை ஏற்றி, வண்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றி, நான் "சார்!" என்று கத்துவதற்குள் ஓங்கித் தரையில் அடித்தார்.

நம் ஊர்க்காரர்களுக்கு அது திருஷ்டி கழிப்பது. வங்காளத்தில் சாம்பல் பூசணி என்றால் வேறு. காளி பூஜையில் ஆடு வெட்டாத வீட்டில் அதைத்தான் வெட்டுவார்கள், ஓர் உயிருக்குப் பதிலாக. உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணில் பட்டது என்ன? எங்கிருந்தோ வந்த ஓர் அதிகாரி, தங்கள் வேலையைப் பறிக்கப்போகிற வண்டிக்குத் தங்கள் காலடியிலேயே பலி கொடுக்கிறார். உள்ளிருந்து சிவப்பாகச் சிதறி முன்வரிசைக்காரர்களின் லுங்கியில் தெறிக்கிறது.

அவர்கள் மேஸ்திரி, இங்கே சர்தார் என்பார்கள், பிமல்-தா எழுந்தார். ஒரு காலத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், பாறை போல உடம்பு. "யாருக்குப் பதிலாக இந்தப் பலி? எங்களில் யாருக்கு?" என்று வங்காளத்தில் கேட்டார். நான் தொண்டை கிழிய விளக்கினேன். கூச்சலில் யார் காதில் விழும்? சார் பக்கம் திரும்பி, "நிறுத்துங்க சார், தப்பா எடுத்துண்டுட்டா. இன்னிக்கு வண்டியை எடுக்கவும் கூடாது" என்றேன்.

"ஜப்பான்ல அமைதியா இருப்பாங்க, இங்க கலகலன்னு இருக்காங்க. நல்லதுதானே!" என்று சிரித்தபடி ஓட்டுநருக்குக் கையைக் காட்டிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினார். ஓட்டுநர் சென்னையிலிருந்து அழைத்து வந்த ஆள். அவருக்கு வங்காளமும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது.

வண்டி பேலைத் தூக்கிக்கொண்டு, சார் சக்கரத்தடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை நசுக்கி நகர்ந்தது. ஃபோர்க்லிஃப்ட் திரும்பும்போது அதன் பின்பக்கம் வீசித் திரும்பும். எல்லோரும் விலகினார்கள். மங்கள் சாவ் என்ற சுமை தூக்குகிறவனும் விலகினான். ஆனால் அவன் கால் வைத்தது பூசணிச் சதையில். வழுக்கி மல்லாந்து விழுந்தான். பின்சக்கரம் அவன் வலது பாதத்தின்மேல் ஏறியது. அலறலைக் கேட்டு ஓட்டுநர் பிரேக்கை மிதித்து, எஞ்சினை அணைத்து, குதித்து ஓடி, மதில் ஏறி மறைந்தார். சக்கரம் பாதத்தின்மேல் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த மூன்று கல்.

நான் கலவரங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். நேரில் பார்ப்பது வேறு. ஒருவர் முகமும் தனியாகத் தெரியாது. மூங்கில் கழி தெரியும், கை தெரியும், திறந்த வாய் தெரியும். குடோன் மேனேஜரைச் சுவரோடு வைத்து மூக்கில் குத்தினார்கள். பல்லைத் துப்பிக்கொண்டே அவர் கக்கூஸுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டார், கதவையே உதைத்துப் பிளந்தார்கள். கொதிக்கிற கிச்சுடி அண்டா கவிழ்ந்து ஒருத்தனுக்கு முழங்கால் வரை வெந்துபோயிற்று. வெளியே சாரின் கார் கண்ணாடிகள் நொறுங்கின. என்னை ஒருவன் தோளைப் பிடித்துச் சுவரோரம் தள்ளி, "திதி, தள்ளிப் போங்கள்" என்றான். அந்தக் களேபரத்திலும் திதி, அக்கா என்று அழைத்தான். எனக்கு அழுகைதான் வந்தது.

சாரைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள். முதுகில் மிதித்தார்கள், விலாவில் உதைத்தார்கள். "மாரோ, மாரோ" என்ற கூச்சல். பிமல்-தா கழியால் அவர் தோளில் போட்ட அடியில் ஏதோ ஒடிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் நடுவில் பாய்ந்து, அவர் மேல் விழுந்து, காளி பெயரைச் சொல்லிக் கெஞ்சினேன். இனி என்ன அடிப்பது என்ற அலுப்பில் ஒரு நிமிஷம் கை ஓய்ந்தது. அந்த இடைவெளியில்தான் அவர் மங்களைப் பார்த்தார்.

வண்டியைக் கையால் தூக்க முயன்றார்கள். அசைகிற கனமா அது? கடப்பாரையை நுழைத்து நெம்பினார்கள், சக்கரம் பாதத்தை இன்னும் அரைத்தது. மங்கள் போட்ட கூச்சலில் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்கள். தரையில் குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

சார் தவழ்ந்து வந்து வண்டியைப் பிடித்து எழுந்தார். ஒரு கை தொங்கியது. "சாவி எங்க? முன்னால ஒரு முழம் நகர்த்தினாப் போதும், கால் வந்துரும். சொல்லு அம்மிணி!"

சொன்னேன். திரும்பக் கிளப்புவதா என்று மறுபடியும் பாய்ந்தார்கள். ஓட்டுநர் விட்டுப்போன சாவி பிமல்-தாவின் கைக்குள் இருந்தது. "பூஜை நாளில் கிளப்பியதற்கே ஒரு காலைக் குடித்துவிட்டது. இன்னொரு தரம் கிளப்பினால் ஆளையே குடிக்கும்" என்றார். சார் விடவில்லை. வண்டியின் எடை, சக்கரத்தின் அழுத்தம், ரத்தம் போகிற வேகம் என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். அத்தனையும் நியாயம்தான். பதிலுக்கு ஒருவன் அவர் வாயில் குத்தினான்.

உதட்டைத் துடைத்துக்கொண்டு அவர் அந்தக் கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். நாற்காலி ஒன்று பாக்கியில்லை, கண்ணாடி ஒன்று பாக்கியில்லை. வண்டியின்மேல் மட்டும் ஒரு கீறல் இல்லை. மாலைகூடக் கலையவில்லை. கையில் கழியோடு நிற்கிறவன்கூட அதன்மேல் கழி படாமல் ஒதுங்கி நின்றான்.

"அந்தக் காய் இவங்களுக்கு என்னது? சுருக்காச் சொல்லு."

"பலி, சார். ஒரு உசுருக்குப் பதிலா வெட்டறது. அவாள்ல யாரையோ நீங்க வண்டிக்குக் கொடுத்துட்டேள்னு நினைக்கறா."

முதல் தடவையாக அவர் இந்த மனிதர்களைப் பற்றி என்னிடம் கேட்டார். முதல் தடவையாக நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. "அட சாமி" என்றார். அவ்வளவுதான். மங்களின் பக்கத்தில் அந்தப் பூசணிச் சதையிலேயே உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். மங்களின் காலோடு சேர்த்துத் தன் காலை நீட்டி, பாதத்தைச் சக்கரத்துக்கு அடியில் செருகினார். வண்டி துளி பின்னால் வந்தாலும் அவர் கால் மேல் ஏறும்.

"சொல்லு. அவங்க ஆளுல யாராச்சும் ஓட்டட்டும். பலி இன்னும் பாக்கியிருந்தா அது என்னோடது, அவனோடது இல்ல."

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். குடோன் முழுக்க வாயடைத்துப் போயிற்று. ஒசாகாவில் இருக்கும் என்பாரே, அந்த மாதிரி அமைதி.

பிமல்-தா கழியைக் கீழே போட்டார். வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னை மன்னித்துவிடு என்று அதனிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. மங்கள் சாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டான், சார் அவன் தலையைத் தன் தோளில் சேர்த்துக்கொண்டார். தரை வழவழவென்று இருந்ததால், முன்னால் போவதற்கு முன் சக்கரம் ஒரு விரற்கடை பின்னால் வழுக்கியது. எலும்பு நொறுங்குகிற சத்தம் சின்னதாகத்தான் இருக்கும். சார் கத்திய கத்தலில் எங்கோ மேலே இருந்த புறாக்களெல்லாம் கலைந்து பறந்தன. அப்புறம் வண்டி முன்னால் நகர்ந்தது.

கொன்றுவிடுவேன் என்று நின்றவர்களேதான் இரண்டு பேரையும் லாரியில் ஏற்றினார்கள். வாயில் குத்தியவனின் மடியில் சாரின் தலை இருந்தது. அவன் தன் துண்டால் அவர் உதட்டை ஒற்றிக்கொண்டே வந்தான். மங்கள் மயக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடந்தான். திடீரென்று கண்ணைத் திறந்து, பக்கத்தில் கிடக்கும் சாரைப் பார்த்து ஹிந்தியில் ஏதோ சொன்னான்.

"என்னங்கறான்?" என்றார் சார்.

"தான் எழுந்து நின்னா, முதல் அடி உங்களுக்குத்தானாம்."

"நிக்கட்டும்" என்றார்.

மங்கள் பிழைத்துக்கொண்டான், ஆனால் பாதத்தை எடுத்துவிட்டார்கள். சாருக்கு மூன்று கால்விரல் போயிற்று, தோள்பட்டையில் தகடு வைத்தார்கள். போலீஸ், கேஸ், விசாரணை எல்லாம் நடந்தது. கோர்ட்டில் யார் அடித்தது என்று கேட்டபோது, நெற்றியில் கல் பட்டபிறகு தனக்கு எதுவும் நினைவில்லை என்று சார் பச்சையாகப் பொய் சொன்னார். மங்களின் மருத்துவச் செலவைக் கம்பெனி ஏற்கவேண்டும் என்று மேலிடத்தோடு சண்டை போட்டு வென்றார். அதற்குத் தண்டனையாகக் கோயம்புத்தூருக்கே திரும்பச் சொன்னார்கள். போகமாட்டேன் என்றார்.

பட்டு மாமி அழுது தீர்த்தார். "அந்தப் பாழாப்போற குடோன்ல இன்னும் என்ன இருக்குங்க உங்களுக்கு?" என்று கேட்டார். சார் பாட்டுக்கு விந்தி விந்தி மங்களின் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

அங்கே ஒரு மரியாதையும் கிடைக்காது. இவர் உள்ளே நுழைந்தால் மங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். செயற்கைப் பாதம் செய்து வந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். எழவே மாட்டேன் என்றான். டாக்டர் சொல்லிப் பார்த்தார், பிமல்-தா திட்டிப் பார்த்தார். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, இவன் இப்படியே கிடந்து செத்துப்போவான் என்று அழுதாள்.

உலகமெல்லாம் பேசிய மனிதர், கடைசியில் ஹிந்தியில் ஒரே ஒரு வாக்கியம் என்னிடம் கற்றுக்கொண்டார். அதை மட்டும்தான் ஒத்திகை பார்த்தார். போகும்போதெல்லாம் வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்: "என்னை அடிக்க வேண்டாமா?"

மங்கள் சொம்பை எடுத்து வீசுவான். ஒரு நாள் வீசிய வேகத்தில் அது சார் காதோரம் பட்டுக் கிழித்துவிட்டது. "போன வாரத்தைக் காட்டிலும் கை நல்லாப் பலமாயிருக்கு" என்று எனக்கு போன் பண்ணிச் சந்தோஷப்பட்டார். இவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த விஸ்வகர்மா பூஜை வந்தது. குடோனில் புரொஜெக்டர் இல்லை, பேச்சு இல்லை. வண்டிகள் பொட்டும் மாலையுமாகச் சும்மா நின்றன. முதலாளி வாங்கிவிட்டார், வேலை யாருக்கும் போகவில்லை. பிமல்-தா மறுபடியும் வண்டி ஓட்டுகிறார். சார் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து இலையில் கிச்சுடி தின்றுகொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

கேட் பக்கம் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். மங்கள் வந்துகொண்டிருந்தான். கையில் கழி இல்லை, யார் தோளும் இல்லை. வலதுகாலை இழுத்து இழுத்து வைத்தான். முகமெல்லாம் வேர்வை. ஒருவரையும் பார்க்காமல், வரிசையைக் கடந்து நேராக சார் முன்னால் வந்து நின்றான். சார் இலையை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

மங்கள் ஓங்கி ஓர் அறை விட்டான். குடோன் முழுக்க எதிரொலித்தது. சாரின் கண்ணாடி தெறித்து என் இலையில் விழுந்தது. அறைந்த வேகத்தில் மங்கள் தடுமாறினான். பிமல்-தா பிடிக்க ஓடினார்.

"விடுங்க, விடுங்க! யாரும் தொடாதீங்க!" என்று சார் தமிழில் கத்தினார். யாருக்குப் புரிந்ததோ, பிமல்-தா அப்படியே நின்றார். மங்கள் தானாகவே காலை ஊன்றி நிமிர்ந்தான்.

சாரின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. கண்ணீர் கொட்டியது, வாய் மட்டும் காதுவரை சிரித்தது. "நின்னுட்டான், அம்மிணி" என்றார். "பாத்தியா, நின்னுட்டான்."

நான் கண்ணாடியில் ஒட்டியிருந்த கிச்சுடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தேன். மங்கள் அவர் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, தனக்கும் ஓர் இலை போடச் சொன்னான்.